அதிக மாதத்துக்கு ஒத்திவைத்த பல்

என் கணவருடைய அண்ணன் மனைவியைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் அந்த வீட்டில் யாருமில்லை. மாமியாருக்கு அவள் பெரிய மருமகள். ஊருக்குத் தலைவீட்டு மருமகள். எனக்கு அக்கா. ஆந்தோங் நகரத்துப் பல் ஆஸ்பத்திரியில், "பே கும்ரான்! பே கும்ரான் யாருங்க?" என்று இரண்டு தடவை கூப்பிட்டும் அவள் எழுந்திருக்கவில்லை. நான் முழங்கையால் இடித்தேன்.

"அட, நான்தானே!" என்று சிரித்தபடி எழுந்தாள். சத்தமான சிரிப்பு. எதிரில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த கிழவர்கூடத் திரும்பிப் பார்த்தார். வீங்கிய தாடையோடு சிரித்தது வலித்திருக்க வேண்டும். உடனே கன்னத்தைத் தாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

அவள் போங்வாவில் ஆப்பிள் தோட்டக்காரரின் மகள். பள்ளிப் படிப்பு முடிந்ததும் கூமியில் டிவி பாகங்கள் செய்யும் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனாள். அங்கே பெண்கள் கைப்பந்து அணியில் ஆடினாள். அடிக்கிறவள் இல்லை, அடிப்பவளுக்குப் பந்தைத் தூக்கிக் கொடுக்கிறவள். "நல்லாத் தூக்கிக் குடுத்தா யாரு வேணா அடிக்கலாம்டி, கைதட்டு மட்டும் அடிச்சவளுக்குத்தான்," என்று என்னிடம் சொல்லியிருக்கிறாள். குறையாகச் சொன்னதில்லை, விளையாட்டின் விதியைச் சொல்வதுபோலச் சொன்னாள்.

அவள் கணவர் தொக்சு அந்த வம்சத்தின் தலைமகன். அவருடைய அப்பாவும் தலைமகன், அவருக்கு அப்பாவும் அப்படியே. மேலே போகப்போக ஒரு அரசவை அமைச்சரில் போய் முடியும். அப்படிப்பட்ட வீட்டுக்குப் படித்த பெண்கள் வரமாட்டார்கள். நானும் வந்திருக்க மாட்டேன். என் கணவர் தொக்ஹூன் இரண்டாவது மகன், வேலை தெகு நகரத்தில் என்று உறுதியாகத் தெரிந்த பிறகுதான் கல்யாணத்துக்குச் சம்மதித்தேன். நல்ல நாள் பெரிய நாளுக்கு வருவேன், மாவு கரைப்பேன், பாத்திரம் கழுவுவேன், ஞாயிற்றுக்கிழமை கிளம்பிவிடுவேன். நான் டீச்சர், திங்கட்கிழமை எனக்குப் பள்ளிக்கூடம். அக்காவுக்குத் திங்கட்கிழமை என்று ஒன்று தனியாகக் கிடையாது.

நான்கு தலைமுறை முன்னோர்கள், அவர்களின் மனைவிகள், ஒருவருக்கு இரண்டாம் மனைவி, எல்லோருக்கும் திதி உண்டு. அந்த அமைச்சருக்கு என்றும் நிற்காத திதி. புத்தாண்டு, அறுவடைத் திருநாள், இலையுதிர் காலத்துக் கல்லறைப் படையல் எல்லாம் இதற்கு மேல். ஒன்று முடிந்து பித்தளைப் பாத்திரங்களைத் துடைத்து எடுத்துவைப்பதற்குள் அடுத்தது வந்துவிடும். ஆக்டோபஸை முழுசாக அவித்துச் சுருட்டி நிற்கவைக்க வேண்டும். சுறாத் துண்டுகளைக் குச்சியில் கோத்து வாட்ட வேண்டும். மீனையும் பூசணியையும் மாவில் தோய்த்துப் பொரித்துக்கொண்டே இருக்க வேண்டும். மிளகாய், பூண்டு சேர்க்கக்கூடாது. சமைக்கிறவள் ருசி பார்க்கக்கூடாது. எல்லாம் தயாரானதும் ஆண்கள் வெள்ளை அங்கியும் தொப்பியும் போட்டுக்கொண்டு வந்து குனிந்து வணங்குவார்கள். அக்கா சமையலறைக் கதவுக்குப் பின்னால், அடுத்து கொடுக்க வேண்டிய தட்டோடு நிற்பாள்.

நாற்பத்துமூன்று வயதில், புத்தாண்டு முடிந்த வாரம், அவளுக்குக் கீழ்த்தாடையின் கடைசியில் பல்வலி வந்தது. எங்கள் ஊரில் அந்த ஞானப்பல்லுக்குக் காதல் பல் என்று பெயர். காதலிக்கிற வயசில் முளைப்பதால் அப்படி.

"இந்த வயசுல காதல் பல்லா? யாருக்கா அது? ஆக்டோபஸ் விக்கிறவரா?" என்று நான் போனில் கேட்டேன்.

"அவன் கடனுக்குக் குடுக்கறான், பாவம். இவரு அதுகூடக் குடுக்கறதில்ல," என்றாள். பக்கத்தில் தொக்சு செருமுவது கேட்டது.

அந்தச் சனிக்கிழமைதான் நான் அவளைக் காரில் ஏற்றிக்கொண்டு ஆந்தோங் போனேன். மருத்துவர் ஹா என்று ஒரு இளம்பெண். எக்ஸ்ரே படத்தைத் திரையில் காட்டினாள். மற்றப் பற்கள் எல்லாம் வரிசையில் நிற்க, கடைசிப் பல் மட்டும் படுத்துக்கொண்டு, பக்கத்துப் பல்லை முட்டிக்கொண்டு இருந்தது.

"காதல் பல் எல்லாத்தையும் பிடுங்கணும்னு இல்லம்மா," என்றாள் மருத்துவர். "நேரா முளைச்சு, பிரஷ் எட்டுற மாதிரி இருந்தா விட்டுடலாம். முழுசா எலும்புக்குள்ளயே புதைஞ்சு தொந்தரவு பண்ணாம இருந்தாலும், அப்பப்போ படம் எடுத்துப் பார்த்துக்கிட்டு விட்டுடலாம். உங்களுது ரெண்டும் இல்ல. பாதி வெளிய, பாதி உள்ள. மேல ஒரு மடிப்பு ஈறு, மூடி மாதிரி. அதுக்கடியில சாப்பாடு போய்த் தங்குது, சீழ் பிடிக்குது. மாத்திரை குடுத்தா அடங்கும். ஆனா பல்லு அங்கயேதானே இருக்கு. மறுபடி வரும்."

"அப்போ இப்பவே எடுத்துடுங்களேன்," என்றாள் அக்கா. கால் செருப்பைக் கழற்றிவிட்டு நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டாள்.

"இவ்ளோ வீக்கம் இருக்கும்போது மரப்பு ஊசி சரியா வேலை செய்யாது. சீழும் பரவலாம். முதல்ல அடங்கட்டும். அதுவும் இங்க முடியாது. வேர் பாருங்க, உதட்டுக்குப் போற நரம்பை ஒட்டிக்கிட்டு இருக்கு. தெகுல பெரிய ஆஸ்பத்திரியில ஈறைக் கிழிச்சு, பல்லைத் துண்டு துண்டா உடைச்சு எடுப்பாங்க. இருபது வயசுல எடுத்திருந்தா சுலபம். இப்போ எலும்பு இறுகிடுச்சு."

"இருபது வயசுல இது வலிக்கலையேம்மா."

"எல்லாரும் இதேதான் சொல்றாங்க. வலிக்கும்போது வருவீங்க, அப்போ எடுக்க முடியாது. வலி போயிடும், அப்போ நீங்க வரமாட்டீங்க. நீங்க வரணும்." பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "வாய் திறக்க முடியலைன்னாலோ, முழுங்க முடியலைன்னாலோ, தாடைக்கு அடியில கழுத்துல வீங்கினாலோ, காய்ச்சல் வந்தாலோ, இங்க வராதீங்க. நேரா அவசரப் பிரிவுக்குப் போயிடுங்க."

எடுத்த பிறகு எத்தனை நாள் வீங்கியிருக்கும் என்று அக்கா கேட்டாள். ஒரு வாரம் போல என்றாள் மருத்துவர். அடுப்புச் சூட்டில் நிற்கக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது, ஓரிரு நாள் ரத்தம் கசியும்.

ரத்தம் என்றதும் அக்கா என்னைப் பார்த்தாள்.

திதிக்கு முந்தின நாட்களில் தலைவீட்டில் ரத்தம் விழக்கூடாது. கோழி அறுக்கமாட்டார்கள். பிள்ளை பெற்ற வீட்டுக்குப் போய்வந்தவரை வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். மற்ற வீடுகளில் இதெல்லாம் தளர்ந்துவிட்டது. இங்கே தளரவில்லை, அதற்கு மாமியார் ஒரு காரணம் வைத்திருந்தார். ஒரு வருடம் திதிக்கு முதல் நாள் படையலுக்குக் கஷ்கொட்டைப் பருப்பின் தோலைச் சீவும்போது அவர் கையைக் கத்தி வெட்டிவிட்டது. சொல்லாமல் துணியைச் சுற்றிக்கொண்டு சமைத்தார். அந்தக் குளிர்காலமே மாமனார் இறந்துபோனார். மாமியார் கெட்டவர் இல்லை. அந்த விரலைப் பார்க்கும்போதெல்லாம் பயப்படுகிறவர்.

அக்கா அவரிடம் கேலியாகவே பேச்சை எடுத்தாள். "அத்தை, பல்லு வாய்க்குள்ளதானே இருக்கு. வர்ற ரத்தத்தை முழுங்கிடறேன். வீட்டுல ஒரு சொட்டு விழாது."

"முழுங்கினா அவங்களுக்குத் தெரியாதா? நீ என்ன பேச்சுப் பேசற?" என்றார் மாமியார். கொஞ்சம் கழித்து, "திதி இல்லாத வாரமாப் பார்த்து எடுத்துக்கோ. நான் வேண்டாம்னா சொல்றேன்?" என்றார்.

திதி இல்லாத வாரம் இருந்தது. ஆனால் பிடுங்குவதற்கு முன்னும் பின்னும் சேர்த்து இடம் வேண்டுமே. இரண்டாம் மாதம் கொள்ளுத்தாத்தா. மூன்றாம் மாதம் அவருடைய மூத்த மனைவி. வேனிலில் மறுபடி வீங்கி, மாத்திரையில் அடங்கியது. அடங்கிய வாரத்தில் அமைச்சர் திதி. மருத்துவர் ஹா அலுக்காமல் மாத்திரை எழுதிக் கொடுத்தாள், ஒவ்வொரு முறையும் அதே கேள்வியைக் கேட்டாள். "தேதி வாங்கினீங்களா?"

தேதியைக் கண்டுபிடித்தது அக்காதான். திதிகளுக்குப் பார்க்கும் சந்திர நாட்காட்டியில் அந்த வருடம் ஒன்பதாம் மாதம் இரண்டு தடவை வந்தது. பின்னால் வருவது அதிக மாதம். அதில் யாருக்கும் திதி கிடையாது, தீட்டும் கிடையாது. செத்தவர்கள் நம்மைப் பார்க்காமல் கண்ணை மூடிக்கொள்கிற மாதம் என்பார்கள்.

"டீச்சரம்மா, கேட்டியா!" என்று பகல் இடைவேளையில் போன் செய்தாள். "ஒரு மாசம் முழுக்கக் காலி. முழுசா! எனக்குக் கல்யாணம் ஆனதுல இருந்து இப்படி ஒரு மாசத்தை நான் கவனிச்சதே இல்ல. தெகுக்கு வந்து பல்லை உடைச்சுட்டு, உன் வீட்டுல ஒரு வாரம் படுத்துக்கறேன். நீ கஞ்சி வச்சுக் குடு. உன் கஞ்சி நல்லாருக்காது, பரவால்ல."

"ஐஸ்கிரீம் வாங்கித் தர்றேன்க்கா."

"அப்போ ரெண்டு வாரம் இருக்கேன்."

நானே பெரிய ஆஸ்பத்திரியில் தேதி வாங்கினேன். அதிக மாதத்தின் முதல் வாரம். என் வீட்டில் பின்னறையை ஒழித்துவைத்தேன். கோடை முழுவதும் அவள் வலதுபக்கம் மட்டும் மென்று சாப்பிட்டாள். சிரிக்கும்போது வாய் பாதிதான் திறந்தது, சத்தமும் பாதியாகத்தான் வந்தது. ஆனாலும் சந்தோஷமாக இருந்தாள். அறுவடைத் திருநாளில் பாத்திரம் கழுவிக்கொண்டே, "இன்னும் கொஞ்ச நாள்தான்" என்று என் காதில் சொன்னாள். பரீட்சை முடியப்போகிற பள்ளிக்கூடப் பெண் மாதிரி.

அன்று மத்தியானம், ஆண்கள் படையல் சாப்பாடு சாப்பிட்டுவிட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தபோது, சின்ன மாமனார் பேச்சை ஆரம்பித்தார். மாமனாரின் தம்பி அவர். அண்ணன் போனபின் வம்சத்து முடிவுகள் எல்லாம் அவர் வாயில்தான். மூன்று மலைகளில் சிதறிக் கிடக்கும் கல்லறைகளைத் தோண்டி, எலும்புகளை எடுத்து, வீட்டுக்குப் பின்னால் உள்ள மேட்டில் ஒன்றாக வைக்க வேண்டும். கல்லறையைத் தொட வேறு எந்த மாதமும் ஆகாது. அதிக மாதத்தில்தான் தொடலாம்.

"இத விட்டா மூணு வருஷம் காத்திருக்கணும். நான் இருப்பனோ மாட்டனோ," என்றார்.

யாரும் மறுக்கவில்லை. அதிக மாதத்தில் கல்லறை வேலை செய்வது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த வழக்கம்தான். அக்காவும் நானும் மட்டும் அந்த மாதத்தைக் காலி என்று நினைத்திருந்தோம். திதி இல்லை என்பதை மட்டும் பார்த்தோம். திதி இல்லாத மாதத்துக்காக வம்சமே காத்திருந்தது எங்களுக்குத் தோன்றவே இல்லை.

நான் கை துடைத்துக்கொண்டு கூடத்துக்குப் போனேன். "சின்ன மாமா, அக்காவுக்கு அந்த மாசம் ஆபரேஷன். தேதி வாங்கியாச்சு."

"என்ன ஆபரேஷன்?"

"பல்லுக்கு."

"பல்லுக்கா!" சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். "பல்லுக்கு எதுக்கும்மா ஆபரேஷன்? எனக்கெல்லாம் ஒண்ணொண்ணா அதுவே விழுந்துச்சு. இருக்கறது இந்த நாலுதான், வேணா எடுத்துக்கச் சொல்லு."

"விளையாட்டு இல்ல மாமா. டாக்டர் அவசரம்னு..."

"எட்டு மாசமா இருக்கற அவசரமா? இன்னும் ஒரு மாசத்துல பல்லு எங்க ஓடிடப் போகுது? குழி தோண்டறவங்க, வம்சத்து ஆளுங்க, இத்தனை பேருக்கும் சோறு போடணும். எலும்பு வெளிய இருக்கற நேரம். ரத்தம், கித்தம்னு இந்த நேரத்துலயா?"

நான் தொக்சுவைப் பார்த்தேன். அவர் தம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஒரு மாசம்தானே," என்றார், யாரிடம் என்றில்லாமல். நான் லீவு போட்டுவிட்டு வந்து சமைக்கிறேன் என்றேன். "நீங்க பரீட்சைப் பேப்பர் திருத்துங்க, டீச்சர்," என்றார் சின்ன மாமனார். மறுபடி சிரிப்பு.

சமையலறைக்குத் திரும்பினேன். அக்கா எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். "விடு. வலி இல்ல இப்போ," என்றாள். தேதியை மாற்றச் சொன்னாள். நான் மாற்றவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்தபோது அவளே பேசி மாற்றிக்கொண்டாள்.

அதிக மாதத்தின் இரண்டாம் வாரம் கல்லறைகளைத் திறந்தார்கள். அக்கா வாசலில் பெரிய அண்டா வைத்து மாட்டிறைச்சி சூப் காய்ச்சினாள். நான் சனிக்கிழமை போனபோது அவள் இடது கன்னம் கழுத்துவரை ஒரே திரட்சியாக இருந்தது. முகத்தில் துண்டைச் சுற்றியிருந்தாள். குளிருக்கு என்று எல்லோரிடமும் சொல்லியிருந்தாள்.

"அக்கா, வாயைத் திற."

திறக்க முடியவில்லை. என் சுண்டுவிரல்கூட நுழையாது. எச்சிலை விழுங்காமல் துண்டில் துடைத்துக்கொண்டிருந்தாள். பேசியபோது வாய்க்குள் சூடான கிழங்கை வைத்துக்கொண்டு பேசுவதுபோல் இருந்தது. நெற்றி கொதித்தது.

"எப்போ இருந்துக்கா?"

"முந்தாநாள். இவங்க சாப்ட்டு முடிக்கட்டும். எலும்ப மூடிட்டா முடிஞ்சுது," என்றாள்.

நான் கத்தினேன். மேட்டிலிருந்த ஆண்கள் திரும்பிப் பார்த்தார்கள். மாமியார் ஓடிவந்து துண்டை விலக்கிப் பார்த்தார், அக்கா சமையலுக்காகக் கட்டியிருந்த முன்துணியை அவிழ்த்துத் தன் இடுப்பில் கட்டிக்கொண்டார். "கூட்டிட்டுப் போ," என்றார் என்னிடம்.

ஆந்தோங்கிலிருந்து ஆம்புலன்ஸில் தெகுவுக்கு அனுப்பினார்கள். வழியிலேயே மூச்சு இழுக்கத் தொடங்கியது. கழுத்தில் துளை போட்டுக் குழாய் வைத்தார்கள். சீழ் கழுத்து வழியாக நெஞ்சுக்குள் இறங்கிவிட்டது என்றார் மருத்துவர். ரத்தத்தில் சர்க்கரை மிக அதிகம் என்றும், அதனால்தான் இவ்வளவு வேகம் என்றும் சொன்னார். சர்க்கரை இருப்பது அவளுக்கே தெரியாது. ஊருக்கே சமைத்துப் போட்டவள், தன் ரத்தத்தை ஒருநாளும் சோதனைக்குக் கொடுத்துப் பார்த்ததில்லை.

குழாய் வைத்த பிறகு அவளால் பேச முடியவில்லை. ஒருமுறை கண் விழித்து என்னைப் பார்த்தாள். என் கையை அழுத்தினாள் என்று மற்றவர்களிடம் சொல்லியிருக்கிறேன். அழுத்தினாளா, மருந்தில் விரல் துடித்ததா, தெரியாது. அடுத்த வாரம் இறந்துபோனாள். ராணுவத்திலிருந்து லீவில் வந்த அவள் மகன் கியூஹோ, சாவு வீட்டில் என்னிடம் கேட்டான். "சித்தி, எனக்கு அங்க ரெண்டு காதல் பல்லு எடுத்தாங்க. அன்னிக்கே பாசறைக்குத் திரும்பிட்டேன். அம்மாவுக்கு ஏன் எடுக்கல?" அவனுடையவை நேராக முளைத்த பற்கள் என்று சொன்னேன். அது உண்மைதான்.

சமன்செய்த அந்தப் புது மேட்டில், எலும்புகளுக்குப் பக்கத்தில், புதிதாகச் செத்த ஆளாகப் போனது அவள் ஒருத்திதான்.

பத்தாம் மாதம் வந்தது. கொள்ளுத்தாத்தாவின் இரண்டாம் மனைவிக்குத் திதி. மாமியாருக்கு முழங்கால் வலி, நெடுநேரம் நிற்க முடியாது. நான் வரமாட்டேன் என்று தொக்ஹூனிடம் சொல்லி அனுப்பினேன். வம்சத்துப் பெண்கள் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். ஆண்களில் ஒருவருக்கும் ஆக்டோபஸை எவ்வளவு நேரம் அவிக்க வேண்டும் என்று தெரியாது. சின்ன மாமனார் கூட்டம் போட்டார். ஒரு மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்குள் முடித்துவிட்டார்கள் என்று தொக்ஹூன் வந்து சொன்னார். இனிமேல் எல்லாத் திதிகளும் ஒன்றாக, வசந்த காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. சாப்பாடு நகரத்துக் கடையில் வாங்கிக்கொள்வது. காலம் மாறிவிட்டது, இருப்பவர்கள் நிலைமையையும் பார்க்க வேண்டும் என்று சின்ன மாமனாரே சொன்னாராம்.

"அக்காவோட திதி?"

"அதிக மாசத்துல போனவங்களுக்கு நிஜ மாசத்துலதான் செய்யணுமாம். ஆனா தனியா எதுக்கு, எல்லாரோடயும் சேர்த்துடலாம்னு சொல்லிட்டாங்க."

வசந்த காலத்து ஞாயிற்றுக்கிழமைக்கு நான் போனேன். படையலுக்கு முன்னால் வைக்கும் முன்னோர் பெயர்ப்பலகைகளின் வரிசைக் கடைசியில் அவளுடையதும் இருந்ததால் போனேன். கடை வண்டி வந்து பெட்டிகளை இறக்கியது. ஆக்டோபஸ் சுருட்டி நின்றது. பூசணியும் மீனும் ஒரே அளவில் இருந்தன. ஆண்கள் அங்கி போட்டுக்கொண்டு வணங்கினார்கள். கதவுக்குப் பின்னால் தட்டோடு நிற்க யாரும் தேவைப்படவில்லை. மத்தியானத்துக்குள் எல்லாம் முடிந்து, எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டோம். எண்ணெயே தெரியவில்லை, ருசியாயிருக்கிறது என்றார் ஒருவர். சாயங்காலம் ரயிலைப் பிடித்துவிடலாம் என்றார் இன்னொருவர். தொக்சு எதையும் தொடாமல் உட்கார்ந்திருந்தார்.

"இவ்ளோ சுலபம்னு தெரிஞ்சிருந்தா," என்றார் சின்ன மாமனார், இருக்கிற பல்லில் கஷ்கொட்டையைக் கடித்தபடி, "முன்னாடியே பண்ணியிருக்கலாம்."

மாமியார் சாப்பாட்டுக் குச்சிகளைக் கீழே வைத்தார். "முன்னாடின்னா எப்போ?" என்று கேட்டார்.

சின்ன மாமனார் காதில் விழாதவர்போல் மது ஜாடியை எடுத்துப் பக்கத்திலிருந்தவருக்கு ஊற்றினார்.

"எப்போன்னு கேட்டேன்," என்றார் மாமியார்.